கிளாவரைக்குப் போகிறவர்கள் நடந்து பார்க்கட்டும்!

கொடைக்கானலில் இருந்து மேற்கே போகிறது ஒரு மலைப்பாதை. பூம்பாறை வருகிறது. மன்னவனூர் வருகிறது. கவுஞ்சி, பூண்டி என்று அடுத்தடுத்து ஊர்கள் வருகின்றன. 40 கிலோமீட்டருக்கு மேல் போன பிறகு, ஓர் ஊரோடு அந்தப் பாதை முடிந்து விடுகிறது.

அதற்கு மேல் பஸ் போகாது. லாரி போகாது.

அந்த ஊர்தான் கிளாவரை.

திண்டுக்கல் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பழனி மலையின் மேல் பகுதியில் இருக்கிறது. ஊரைத் தாண்டினால் காடு. காட்டைத் தாண்டினால் கேரளம்.

காரில் வருகிறவர்கள் இங்கே வந்ததும் இறங்குகிறார்கள். சுற்றிலும் பார்க்கிறார்கள். படம் பிடிக்கிறார்கள். "ரோடு முடிந்து விட்டது. வண்டியைத் திருப்பு!" என்கிறார்கள். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது!

இப்படிப் பார்ப்பதற்கு, பாராமலே இருக்கலாம். கிளாவரை காலால் பார்க்க வேண்டிய ஊர். அதைக் கார்க்காரர்களின் ஊராக ஆக்கி விட்டால், ஊருக்கும் லாபம் இல்லை. வருகிறவர்களுக்கும் லாபம் இல்லை.

வழியிலே ஒரு உலகம்

கொடைக்கானல் என்றதும் ஏரியும் படகும்தான் பலருக்கும் நினைவு வரும். அந்த ஏரி, 1863-ல் வெட்டப்பட்டது. வெள்ளைக்காரர்கள் மலைக்கு வந்து பங்களா கட்டத் தொடங்கியது 1845-ல்.

மேல் மலை ஊர்கள் அப்படி அல்ல. இவை உழவர்களின் ஊர்கள்.

பூம்பாறையில், மலைச்சரிவையே படிக்கட்டு போல வெட்டி வயல் ஆக்கி இருக்கிறார்கள். அங்கே குழந்தை வேலப்பர் கோவில் இருக்கிறது. அந்தச் சிலை போகர் செய்தது என்பது பக்தர்களின் நம்பிக்கை.

மன்னவனூரில், மத்திய அரசின் ஆட்டுப் பண்ணை இருக்கிறது. கம்பளிக்காக ஆடு வளர்க்கும் ஆராய்ச்சி நிலையம் அது. 1965-ல் இருந்து நடக்கிறது. பச்சைப் புல்வெளியில் வெள்ளை ஆடுகள் மேய்வதைப் பார்த்தால், குழந்தைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள்.

மேல் மலையில் விளைவது பூண்டு, உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, வேறு ஊரில் விளைந்த பூண்டை அந்தப் பெயர் சொல்லி விற்கக்கூடாது.

இவ்வளவும் காரின் கண்ணாடி வழியே ஓடி மறைந்து விடுகின்றன. நடக்கிறவனுக்குத்தான் பூண்டு காயும் வாசனை தெரியும். களை எடுக்கும் பெண்கள் "எந்த ஊரு?" என்று கேட்பது காதில் விழும்.

"நடப்பதற்காக ஒரு பயணமா?"

"வீட்டில் இருந்து பஸ் நிறுத்தத்துக்கே ஆட்டோவில் போகிறார்கள். நடப்பதற்கு என்றே பணம் செலவு செய்து ஓர் ஊருக்குப் போவார்களா?" என்று சிலர் கேட்கலாம்.

போகிறார்கள். இங்கிலாந்தில், சனி, ஞாயிறு என்றால் அதுவே பலருக்கு வேலை. கிராமத்து விடுதி ஒன்றில் தங்குவார்கள். வயிறார உண்டு விட்டு, முதுகில் பையை மாட்டிக்கொண்டு நடப்பார்கள். வயல் நடுவே, ஆட்டுப் பட்டி நடுவே பாதை போகும். நிலம் தனியாருடையதாக இருந்தாலும், அந்தப் பாதையில் நடக்க எல்லோருக்கும் சட்டப்படி உரிமை உண்டு. இங்கிலாந்திலும் வேல்சிலும் இப்படிப்பட்ட பாதைகள் 2 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கின்றன!

ஆனால், மலையிலும் மேட்டு நிலத்திலும் தாராளமாகச் சுற்றும் உரிமை சும்மா வந்து விடவில்லை.

மான்செஸ்டர், பஞ்சாலைகள் நிறைந்த நகரம். அங்கே வாரம் முழுவதும் புகையில் வேலை செய்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை நல்ல காற்றுக்காகப் பக்கத்து மலைக்குப் போக விரும்பினார்கள். மலை எல்லாம் நிலச்சுவான்தார்களின் கையில் இருந்தது. பறவை வேட்டைக்காக அதை வைத்திருந்தார்கள். காவலாளிகள் தடியோடு நின்றார்கள்.

1932 ஏப்ரல் 24. ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிண்டர் ஸ்கவுட் என்ற மலையில், நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தடையை மீறி ஏறினார்கள். முன்னே நின்றவர் பென்னி ராத்மன். வயது 20. மோட்டார் மெக்கானிக்.

காவலாளிகளோடு கைகலப்பு நடந்தது. ராத்மன் உள்பட ஐந்து வாலிபர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். நடந்ததற்காக ஜெயில்!

மக்கள் கொதித்தார்கள். 1949-ல் சட்டம் வந்தது. 1951-ல், அதே மலைப்பகுதிதான் இங்கிலாந்தின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று.

கார் ஓட்டாத மனிதர்

ஆல்பிரெட் வெயின்ரைட் என்று இன்னொருவர். 13 வயதில் படிப்பை நிறுத்தி விட்டு, ஆபீஸ் பையனாக வேலைக்குப் போனவர். 23-வது வயதில், இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தை முதல் முறையாகப் பார்த்தார். மயங்கி விட்டார். 1941-ல், அங்கேயே கெண்டல் என்ற சிற்றூரின் நகராட்சியில் கணக்கு வேலை தேடிக்கொண்டார்.

அவர் கார் ஓட்டியது இல்லை. லீவு நாட்களில் பஸ் ஏறுவார். மலையடிவாரத்தில் இறங்குவார். நாள் முழுவதும் நடப்பார். கடைசி பஸ்சில் வீடு திரும்புவார். இரவில் உட்கார்ந்து, பார்த்ததைக் கையால் எழுதி, கையால் படம் வரைவார்.

இப்படி 214 மலைகளைப் பற்றி ஏழு புத்தகங்கள் எழுதினார். முதல் புத்தகம் 1955-ல் வந்தது. ஏழாவது, 1966-ல். அவர் கையெழுத்தே அப்படியே அச்சில் வந்தது. இன்றும் அந்தப் புத்தகத்தோடு ஜனங்கள் மலை ஏறுகிறார்கள்.

மலையைப் பார்க்கப் பணக்காரனாக இருக்க வேண்டும் என்பது இல்லை. கார் வேண்டும் என்பதும் இல்லை. பஸ் டிக்கெட்டும் இரண்டு கால்களும் போதும்!

தமிழனுக்குப் புதிது அல்ல

இதை எல்லாம் இங்கிலாந்துக்காரர்களிடம்தான் கற்க வேண்டுமா? வேண்டியதில்லை.

கிளாவரை இருக்கும் இதே பழனி மலையின் வடக்கு அடிவாரத்தில் பழனி முருகன் கோவில் இருக்கிறது. தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கான மக்கள் நடந்து வருகிறார்கள். செட்டிநாட்டு நகரத்தார், காவடியோடு பல நாள் நடந்தே பழனிக்கு வருவது, பல தலைமுறைகளாக நடக்கிறது.

அந்தப் பாதையில் பாட்டிமார் நடக்கிறார்கள். சிறுவர்கள் நடக்கிறார்கள். வழியில் உள்ள ஊர்க்காரர்கள் மோரும் சோறும் கொடுக்கிறார்கள். நடந்து வருகிறவன் எந்த ஊருக்கும் அந்நியன் அல்ல. அவனுக்குத் திண்ணையில் இடம் உண்டு.

கொடைக்கானலுக்கே ஒரு காலத்தில் எல்லோரும் அப்படித்தான் போனார்கள். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் பாதை வந்தது. அதற்கு முன், பெரியகுளம் பக்கத்து அடிவாரத்தில் இருந்து நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோதான் ஏற வேண்டும்.

ஆகவே, நடைப்பயணம் என்பது வெளிநாட்டு நாகரிகம் அல்ல. இடையில் மறந்து போன பழக்கம்.

யுத்தத்துக்குப் போட்ட ரோடு

கிளாவரைக்கு அப்பால், மலைக்கு அந்தப் பக்கம் இருப்பது வட்டவடை. கேரளத்தின் இடுக்கி மாவட்டம். அங்கேயும் தமிழ் பேசும் உழவர்கள் வாழ்கிறார்கள். அங்கேயும் பூண்டு விளைகிறது. இரண்டு ஊருக்கும் நடுவே காட்டு வழி சில மைல்தான். ரோட்டில் போனால்? பழனி, உடுமலை, மூணாறு என்று 200 கிலோமீட்டருக்கு மேல் சுற்ற வேண்டும்!

கொடைக்கானலுக்கும் மூணாறுக்கும் நடுவே ஒரு ரோடு இருந்தது உண்டு. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, ஜப்பான் படை தென்னிந்தியாவில் இறங்கி விடும் என்ற பயம் பரவியது. அப்படி இறங்கினால் கொடைக்கானலில் இருந்து தப்பி ஓடுவதற்காக, 1942-ல், பேரிஜம் வழியாக மூணாறு பக்கம் ரோடு போட்டார்கள். 8,000 அடி உயரத்துக்கும் மேலே ஏறி இறங்கும் ரோடு அது.

ஜப்பான் படை வரவில்லை. ரோடு மட்டும் இருந்தது. 1990-ல் அதுவும் மூடப்பட்டது. காடு அதைத் திரும்ப எடுத்துக் கொண்டது.

ரோடு வேண்டும் என்று கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வேண்டாம், காடு அழியும், யானையும் காட்டுமாடும் எங்கே போகும் என்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இதில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மேல் மலையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி வந்தால், ஆஸ்பத்திரிக்குப் போக நல்ல ரோடும், நேரத்துக்கு வண்டியும் வேண்டும். அது அவர்கள் உரிமை. கொடைக்கானல் ரோட்டைச் செப்பனிட்டு, பஸ்களை அதிகமாக்குவது அரசாங்கத்தின் கடமை. ஆனால், சுற்றிப் பார்க்க வருகிறவர்களின் கார்கள் பறப்பதற்காகக் காட்டைப் பிளக்க வேண்டியது இல்லை. நோயாளியைக் காட்டி உல்லாசத்துக்கு ரோடு கேட்கக் கூடாது.

கூட்டம் எப்படி வரும்?

"கிளாவரைக்கு யார் அவ்வளவு பேர் வரப் போகிறார்கள்?" என்று அலட்சியமாக இருக்க முடியாது.

2024-ல், ஒரு மலையாள சினிமாப் படம் வந்தது. 'மஞ்சும்மல் பாய்ஸ்'. கதை, கொடைக்கானல் குணா குகையில் நடக்கிறது. அவ்வளவுதான்! அந்தக் குகையைப் பார்க்கக் கூட்டம் அலை மோதியது.

மலைக்கு வரும் வண்டிகளைக் கட்டுப்படுத்தச் சென்னை ஐகோர்ட்டே தலையிட்டது. 2024 மே 7-ந் தேதி முதல், கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் வாங்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. அரசு பஸ்சில் வருகிறவருக்கு அந்தத் தொல்லை இல்லை. 2025 கோடைக்கு, நாள் ஒன்றுக்கு 4,000 வண்டி, சனி, ஞாயிறு 6,000 வண்டி என்று அளவு வைத்தார்கள்.

6,000 வண்டிகள்! அதில் நூறு வண்டி மேல் மலைக்குத் திரும்பினால் கூட, கிளாவரையின் தெரு தாங்காது.

வண்டியில் வருகிறவர் என்ன செய்கிறார்? கீழே வாங்கிய பிஸ்கட்டைத் தின்று விட்டு, காகிதத்தை மேலே போட்டு விட்டுப் போகிறார். ஊருக்கு மிஞ்சுவது குப்பை. நடந்து பார்க்க வருகிறவர், ஒரு ராத்திரி தங்குகிறார். மூன்று வேளை சாப்பிடுகிறார். வழிகாட்ட வந்த வாலிபருக்குக் கூலி கொடுக்கிறார். போகும்போது இரண்டு கிலோ பூண்டு வாங்கிக் கொள்கிறார். ஊருக்கு மிஞ்சுவது காசு.

எது நல்லது என்று கேட்கவும் வேண்டுமா?

மறக்கக் கூடாத நாள்

ஆனால், நடப்பது என்றால் கால் போன போக்கில் நடப்பது அல்ல.

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலை. சென்னையில் இருந்தும் கொங்கு நாட்டில் இருந்தும் மலை ஏறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இளம் பெண்கள், புதுமணத் தம்பதிகள் கூட அதில் உண்டு. கோடையில் காய்ந்த புல், ஒரு பொறி பட்டால் போதும். ஓடித் தப்ப முடியாது.

அதன் பிறகு, மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில், தமிழ்நாடு அரசே மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூட வருவார்கள். தீப் பிடிக்கும் காலத்தில் பாதைகளை மூடி விடுவார்கள்.

காட்டுக்குள் நடக்க ஆசைப்படுகிறவர்கள் இப்படி அனுமதி பெற்றே போக வேண்டும். கிளாவரையில் இருந்து வட்டவடைக்குக் குறுக்கு வழி இருக்கிறதே என்று அனுமதி இல்லாமல் இறங்கி விடக் கூடாது. கேரளப் பக்கத்திலும் சரணாலயம் இருக்கிறது. ஆழம் தெரியாமல் காலை விட்டால், ஆபத்து காலை விட்டவனுக்கு மட்டும் அல்ல, தேடப் போகிறவனுக்கும்தான்.

குடும்பத்துக்கு இரண்டு நாள்

குடும்பத்தோடு போகிறவர்களுக்குக் காடு தேவையே இல்லை. ஊருக்கும் ஊருக்கும் நடுவே நடந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை இரவு புறப்படலாம். ரெயிலில் போகிறவர்கள் கொடைரோட்டில் இறங்க வேண்டும். அங்கே இருந்து மலை ஏற மூன்று மணி நேரம் ஆகும். சனிக்கிழமை காலையில், கொடைக்கானலில் இருந்து மேல் மலை பஸ். இந்தப் பஸ்கள் குறைவு. போகும் நேரம், திரும்பும் நேரம் இரண்டையும் முதலிலேயே விசாரித்துக் கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை மன்னவனூரில் இறங்கி, ஆட்டுப் பண்ணையையும் ஏரியையும் பார்க்கலாம். இரவு, மன்னவனூரிலோ பக்கத்து ஊரிலோ தங்கலாம். இடத்தை முன்கூட்டியே பேசி வைத்துக் கொள்வது நல்லது. அனுமதி இல்லாத டென்ட் கூடாரங்கள் வேண்டவே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறும் முன் கவுஞ்சியில் இருந்து நடக்கத் தொடங்கினால், பூண்டி வழியாக, பேசிக்கொண்டே கிளாவரை சேர்ந்து விடலாம். ஏற்றத்தில் குழந்தைகள் "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்பார்கள். இறக்கத்தில் அவர்களைப் பிடிக்க முடியாது!

கொண்டு போக வேண்டியவை அதிகம் இல்லை. கம்பளிச் சட்டை, குடை, பிடிப்புள்ள செருப்பு அல்லது பூட்ஸ், தண்ணீர், கொஞ்சம் கடலை மிட்டாய். மழைக்காலம் என்றால், அட்டைக்கு உப்புப் பொட்டலம். பிளாஸ்டிக் பை கூடாது.

டிசம்பர், ஜனவரியில் மேல் மலையில் உறைபனி விழும். புல் எல்லாம் உப்புத் தூவியது போல இருக்கும். குளிர் தாங்குகிறவர்களுக்கு ஜனவரி நல்ல மாதம். அக்டோபர், நவம்பர் மழையில் போக வேண்டாம். மலைச்சரிவு மண்ணை நம்ப முடியாது.

மாலை ஆனதும் வீட்டுக்குள் இருக்க வேண்டும். இருட்டில் காட்டுமாடு வரும். அதன் அருகே போய்ப் படம் பிடிப்பது வீரம் அல்ல; மடமை.

யார் என்ன செய்ய வேண்டும்?

ஊருக்கு ஊர் நடைபாதையை அடையாளம் காட்டி, கல் நட்டு, தமிழில் பலகை வைக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஆகாது.

ஊர் வாலிபர்களுக்கும் பெண்களுக்கும் வழிகாட்டப் பயிற்சி கொடுக்க வேண்டும். தங்கும் வீடுகளை ஊராட்சியே பதிவு செய்து, கட்டணம் எவ்வளவு என்று எழுதிப் போட வேண்டும். கழிப்பறை கட்ட வேண்டும். நாள் ஒன்றுக்கு இத்தனை பேர் என்று அளவு வைக்க வேண்டும்.

அந்த அளவை முடிவு செய்வதில் கிளாவரை மக்களின் சொல்லே முதல் சொல்லாக இருக்க வேண்டும். ஊர் அவர்களுடையது. பன்னிரண்டு மாதமும் அங்கே வாழ்கிறவர்கள் அவர்கள்.

2030 வருகிறது!

இதற்கு நாள் அதிகம் இல்லை.

பழனி மலையில், 12 ஆண்டுக்கு ஒரு முறை நீலக் குறிஞ்சி பூக்கும். 2006-ல் பூத்தது. 2018-ல் பூத்தது. அடுத்து 2030-ல் பூக்கும்.

கேரளம் முன்பே விழித்துக் கொண்டது. 2006-ல், வட்டவடைப் பக்கம் குறிஞ்சிக்கு என்றே சரணாலயம் அமைத்தது. தமிழ்நாட்டுப் பக்கமும் 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அமைந்தது. சரணாலயம் காட்டைக் காக்கும். ஓரத்தில் இருக்கும் ஊரைக் காப்பது யார்?

2030-ல் பூவைப் பார்க்க நாடெங்கும் இருந்து கூட்டம் வரும். அன்றைக்குத் திட்டம் போட்டால் பயன் இல்லை. வாசலில் விருந்தாளி வந்து நின்ற பிறகு, நெல்லை உரலில் போடுவது போல ஆகும்.

இன்றைக்கே பாதையைச் செய்தால், அன்றைக்கு வருகிறவர்கள் நடந்து போய்ப் பூவைப் பார்ப்பார்கள். ஊரார் கையில் நாலு காசு சேரும். செய்யாமல் விட்டால், வண்டிச் சக்கரத்தில் பூவும் நசுங்கும், ஊரும் நசுங்கும்.

'பையச் சென்றால் வையம் தாங்கும்' என்றார்கள் பெரியவர்கள். வையம் தாங்குகிறதோ இல்லையோ, கிளாவரை தாங்கும்.

ரோடு முடிகிற இடத்தில் வண்டியைத் திருப்ப வேண்டாம். வண்டியைக் கொடைக்கானலிலேயே விட்டு விட்டு, பஸ் ஏறி வந்து, இறங்கி நடக்கட்டும்!